இரண்டு அங்குலம் கூடுதல்

கோல்காரர் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். கண்ணால் பார்த்தாலும் கோலை விட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார்.

ஊர்ப் பத்திரிகையில் இருபத்தாறு வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. நாலாம் பக்கத்துக்குக் குழிப் பக்கம் என்று பெயர். எங்கள் தெருவில் குழி விழுந்து கிடக்கிறது என்று யாராவது எழுதிப் போட்டால், இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், குழிக்குள் கோலை இறக்கி, எத்தனை அங்குலம் என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார். மறுநாள் தெருவின் பெயர், யார் வீட்டு வாசல், நீளம், அகலம், ஆழம், புகார் சொன்னவர் பெயர் எல்லாம் அச்சில் வந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி போவார். மூடியிருந்தால் 'மூடியாயிற்று' என்று ஒரே வார்த்தை. மூடாவிட்டால் அதே குழி புது ஆழத்தோடு மறுபடி வரும். நகராட்சி ஆட்கள் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். யார் வயிற்றில் புளி கரைக்க வேண்டுமோ அவர்கள் வயிற்றில் சரியாகக் கரைத்துவிடும்.

ஒரே ஒரு விதி உண்டு. பெயர் இல்லாத புகாருக்குப் பக்கத்தில் இடம் இல்லை. பெயர் சொல்லத் தயங்குகிறவன் குழியையும் கூட்டிச் சொல்வான் என்பது கோல்காரரின் கட்சி.

கோல் என்றால் மூன்றடி உயரத்துக்கு உறுதியான மரத்தில் செய்தது. வேலையில் சேர்ந்த வருஷம் அவரே இழைத்து, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அங்குலம் அங்குலமாகச் சூடு போட்டது. மழைக்காலம் முடியும்போது அடிப்பாகம் நார் நாராகப் பிரிந்துவிடும். கத்தியால் சீவிப் பதமாக்கி வைத்துக்கொள்வார். மற்றபடி அதை யார் கையிலும் கொடுத்ததில்லை. டேப் வாங்கித் தருகிறேன் என்று மகள் சொன்னபோது, "டேப்பை இழுத்தா நீளும். கோலை இழுத்துப் பாரு பார்க்கலாம்" என்றார். அதற்கு மேல் அவள் டேப் பேச்சை எடுக்கவில்லை.

மகளும் அதே பத்திரிகையில்தான். இவர் அஞ்சாம் வகுப்பு. அவள் பெரிய படிப்பு, உள்ளூர்ச் செய்திக்குத் தலைமை. அப்பா எழுதிக்கொண்டு வரும் வரிகளை அவள்தான் நேராக்கிக் கொடுப்பாள். ஆபீசில் ஒரே ஒரு நாள் அவரை "சார்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். அதோடு விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டு, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அதாவது எல்லையைத் தாண்டி அடுத்த நாட்டில், ஒரு பதிப்பு தொடங்கப்போவதாகச் சொன்னாள். விளம்பரக்காரர் கை தட்டினார். அவர் எதற்கும் கை தட்டுவார். கோல்காரர் கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றாள் முதலாளியம்மா.

"நான் நினைக்கிறதைச் சொன்னா கூட்டம் இப்பவே முடிஞ்சிடும்மா."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"அவங்க தெரு நமக்குத் தெரியாது. அவங்க சட்டம் தெரியாது. இன்னிக்குக் கேட்டைத் திறப்பான், நாளைக்குச் சாத்துவான், நடுப்பாலத்துல நம்ம பேப்பர் கட்டு மழையில நனையும். இங்க இருக்கிற ஆளைத்தான் அங்க அனுப்பணும். இங்க இருக்கிற பக்கத்தைத்தான் அங்க குடுக்கணும். அப்ப இங்க வாங்கறவன் என்ன இளிச்சவாயனா? ஒரு ஊருக்கே ஒழுங்கா மூச்சு விட முடியல, இதுல அடுத்த நாடு!"

விளம்பரக்காரர் தட்டிய கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

மகள் எழுந்தாள். "அப்பா சொல்றதுல ஒண்ணுகூடத் தப்பில்ல. ஆனா பாதிதான் சொல்றாரு. அந்தப் பக்கம் நம்ம பேச்சு பேசறவங்க நம்மைவிட மூணு மடங்கு. அவங்க கைக்கு வர்ற பேப்பர் எல்லாம் தலைநகரத்துல அச்சாகி வர்றது. அமைச்சர் தும்மினா முதல் பக்கத்துல வரும். இவங்க தெருவுல பத்து நாள் தண்ணி வரலைன்னா ஒரு வரி வராது. அவங்களுக்கு நாம தேவை. நமக்கும் அவங்க தேவை. ஒரே ஊரை நம்பி இன்னும் எத்தனை வருஷம் ஓட்ட முடியும்? இங்க ரெண்டு கடைக்காரங்க கோவிச்சுக்கிட்டு விளம்பரத்தை நிறுத்தினா நாம யோசிச்சு யோசிச்சுத்தானே எழுதறோம்? காலு ரெண்டு ஊருல இருந்தா அந்தப் பயம் இருக்காது."

"கால் ரெண்டும் ரெண்டு பக்கம் போனா நடுவுல இருக்கிறவன் கிழிஞ்சிடுவான்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஆனால் முடிவு அவள் பக்கம்தான் போனது. மூன்று மாதம் பார்ப்பது, அதற்குள் அந்தப் பதிப்பு தன் காலில் நிற்காவிட்டால் மூடிவிடுவது. அங்கே போய் நடத்தப் போவது அவள்தான். இங்கே அவள் நாற்காலியில் அடுத்த திங்கட்கிழமையே வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

"மூணு மாசம் கழிச்சு மூடிட்டாங்கன்னா?" என்று வீட்டில் கேட்டார்.

"மூடினா வேற வேலை தேடணும்ப்பா."

"இந்த வயசுலயா?"

"எனக்கு முப்பத்தெட்டு. உங்க வயசு ஆன மாதிரி பேசறீங்க."

பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பாலத்து கேட் வரைக்கும் அவரும் போனார். கேட்டைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார், எதுவும் பிடிக்காமல் திரும்பி வந்தார்.

இரண்டு மாதம் ஓடியது. இங்கே குழிப் பக்கம் பாதிப் பக்கமாகச் சுருங்கியது. மீதிப் பாதியில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் செய்தி. அவர் முன்னமே சொன்னது அப்படியே நடந்தது. காய்கறிக் கடைக்காரர் மறித்து, "என்னய்யா, நம்ம குழியெல்லாம் வெளிநாடு போயிடுச்சா?" என்று கேட்டார். சொன்னது பலித்ததில் கோல்காரருக்குக் கொஞ்சம் திருப்தி. ஆனால் ராத்திரி மகள் போனில் பேசும் குரலைக் கேட்டால் அந்தத் திருப்தி போன இடம் தெரியாது.

கடைசியில் ஒரு நாள் அவளே சொன்னாள். "அப்பா, பேப்பர் நகர மாட்டேங்குது. குழிப் பக்கம் காலியா இருக்கு. நாப்பத்து மூணு கடிதம் வந்திருக்கு. ஒண்ணுலகூடப் பேர் இல்ல."

"அப்பக் கிழிச்சுப் போடு."

"முதலாளியம்மா பேர் இல்லாமலே போடச் சொல்றாங்க."

அவர் கோலைத் தட்டினார். போனில் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். "நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன். பேர் இல்லாமப் போட்டா அது நம்ம பேப்பர் இல்ல. ஆனா இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. நீங்க வந்து ஒரு தடவை பாருங்களேன்."

எல்லையைப் பிடிக்காதவர் மறுநாள் காலையிலேயே எல்லையில் நின்றார்.

காவலர் பையைத் துழாவினார். பிறகு கோலைப் பிடித்தார். "இது என்ன?"

"கோல்."

"எதுக்கு?"

"குழி அளக்க."

"யார் குழியை?"

"உங்க குழியைத்தான்."

காவலர் இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்கள். "எங்க நாட்டுல குழியே கிடையாது பெரியவரே" என்றார் இரண்டாவது காவலர். முகத்தில் சிரிப்பு இல்லை. கோல்காரர் அவர் நின்ற இடத்தைக் காட்டினார். காவலரின் இடது கால் ஒரு பள்ளத்தில் இருந்தது. காலை எடுத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

மகளின் ஆபீஸ் மூடிப்போன செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, மூன்று மேஜை, ஒரு மின்விசிறி. ஆள் அவளோடு சேர்த்து இரண்டு பேர். அவள் இளைத்திருந்தாள். அவர் அதைச் சொல்லவில்லை. "மேஜை ஆடுது" என்றார். ஒரு காகிதத்தை மடித்துக் காலுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சாயங்காலம் தெருவுக்கு இறங்கினார். ஊர் மோசமில்லை. கடைகள் பளிச்சென்று இருந்தன. ஆனால் தெரு முழுக்கக் குழி. நாலாவது கடை ஒரு தையல் கடை. வாசலுக்கு நேரே பெரிய குழி. கடைக்காரி ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் டேப், வாயில் ஊசி. வாடிக்கையாளர்கள் குழியைத் தாண்டித் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

கோல்காரர் கோலை இறக்கினார். தெருவே நின்று பார்த்தது. எதிர்க் கடைக்காரர் வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளை அவசரமாக உள்ளே இழுத்தார். ஒருவர் கதவைச் சாத்தினார்.

தையல்கார அம்மா ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள். "ரோட்டை அகலப்படுத்தப் போறீங்களா? என் படியை இடிக்கப் போறீங்களா?"

"நான் நகராட்சி இல்லம்மா. பேப்பர். இந்தக் குழியைப் போடலாம்னு வந்தேன். உங்க பேரைச் சொன்னாப் போதும்."

"பேரா? ஆளை விடுங்க!" அவள் தன் வாசல் படியைக் காட்டினாள். படி சாக்கடைக்கு மேலே ஒன்றரை அடி நீண்டிருந்தது. "நான் புகார் சொன்னா ஆபீசர் வருவான். குழியைப் பார்க்க மாட்டான். என் படியைத்தான் பார்ப்பான். இந்தத் தெருவுல எல்லாப் படியும் நீளம்தான். குழி கிடந்தா தாண்டிக்கலாம். படி போனா கடை போச்சு. உங்க ஊர்ல படி நீளம் இல்லையா?"

கோல்காரர் யோசித்தார். அங்கேயும் நீளம்தான். இருபத்தாறு வருஷத்தில் அங்கே ஆபீசரும் படியும் எப்படியோ ஒருவரோடு ஒருவர் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைப் பையில் போட்டு இங்கே கொண்டுவர முடியாது.

மூன்று நாளில் பதினோரு குழி அளந்தார். ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. நாலாம் நாள் மகளிடம் சொன்னார். "அளந்தவன் நான். புகார் சொன்னவன்னு என் பேரையே போடு."

"அப்பா, நீங்க வெளியாள். இவங்க தெருவைக் குறை சொல்ல நீ யாருன்னு கேப்பாங்க."

"குழிக்கு உள்ளாள் வெளியாள் உண்டா? எவன் விழுந்தாலும் கால் ஒடியும்."

அவள் காலண்டரைப் பார்த்தாள். பிறகு பதினோரு குழியையும் முழுப் பக்கமாக, அவர் பெயரோடு போட்டாள்.

மறுநாள் காலையில் போன் அடிக்க ஆரம்பித்தது. மூச்சு விடாமல் அடித்தது. "எங்க ஊரைக் கேவலப்படுத்தவா பாலம் ஏறி வந்தீங்க?" என்றார் ஒருவர். "உங்க ஊர்க் குழியை முதல்ல மூடிட்டு வாங்க" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் பேசிய பேச்சை எழுத முடியாது. மத்தியானத்துக்குள் இரண்டு கடைகளிலிருந்து பேப்பர் கட்டு பிரிக்காமலே திரும்பி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளியம்மா கூப்பிட்டு, "பார்த்து செய்யுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை.

மகள் திரும்பி வந்த கட்டின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் கெடுத்துட்டேன்" என்றார் கோல்காரர். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எவ்வளவோ வருஷம் ஆகியிருக்கும்.

"பேரைப் போட்டது நான். பாதி உங்களோடது, பாதி என்னோடது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தையல்கார அம்மா. கையில் பேப்பர், கழுத்தில் டேப், முகம் சிவந்திருந்தது.

"யார் இதை எழுதினது?"

"நான்தாம்மா."

"என் கடை வாசல் குழி பன்னிரண்டு அங்குலம்னு போட்டிருக்கீங்க. காலையிலேருந்து வர்றவங்க எல்லாம் பன்னிரண்டா பன்னிரண்டான்னு கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. என் மச்சினர் போன் பண்ணி, என்ன, கிணத்துக்குப் பக்கத்துல கடை வச்சிருக்கியான்னு கேக்கறாரு. நான் அளந்தேன். பத்துதான். ரெண்டு அங்குலம் கூட்டிச் சொல்லியிருக்கீங்க."

கோல்காரருக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. இருபத்தாறு வருஷத்தில் அவர் அளவைத் தப்பு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. "அம்மா, டேப்பை இழுத்தா நீளும்."

"நீண்டா அளவு குறைச்சுத்தான் காட்டும்ன்றீங்க, அதானே? வாங்க, கடைக்கு வாங்க. இரும்பு ஸ்கேல் வச்சிருக்கேன். அதையும் இழுப்பீங்களா?"

மூன்று பேரும் இறங்கினார்கள். தெரு அவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டது. பேப்பரைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் முதல் வரிசையில் நின்றார். கோல்காரர் கோலை இறக்கினார். பன்னிரண்டு. அவள் இரும்பு ஸ்கேலை இறக்கினாள். பத்து. மறுபடி இறக்கினார். மறுபடி பன்னிரண்டு. தெருவில் யாரோ விசில் அடித்தார்கள்.

"கோலைக் குடுங்க" என்றாள் தையல்கார அம்மா.

அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. மகள் முகத்தைப் பார்த்தார். கொடுத்தார்.

அவள் அதைத் துணி வெட்டும் மேஜையில் கிடத்தி, பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நகத்தால் நகர்த்தி நகர்த்தி அளந்தாள். மூன்றடிக் கோல் முப்பத்துநாலு அங்குலம்தான் இருந்தது. மேலே சூடு போட்ட கோடுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அடியில் முதல் இரண்டு கோடுகளைக் காணோம்.

கோல்காரர் கோலின் அடியை விரலால் தடவினார். மழைக்காலம் முடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்காருவது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம், நகக்கண் அளவு. சீவியது அத்தனையும் குழிகளின் கணக்கில் ஏறியிருக்கிறது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டார். கோலை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. வேறு யாரும் சந்தேகப்படவில்லை. அவர் அளந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரே இருந்துவிட்டது. எங்கிருந்தோ வந்த கிழவனை நம்பவேண்டிய அவசியம் இல்லாத ஒருத்திதான் அளந்து பார்த்தாள்.

"நீங்க சொல்றது சரிம்மா" என்றார். "தப்பு என்னோடது."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கோபம் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் நின்றது. "அப்ப நாளைக்குப் போடுங்க. பத்துன்னு போடுங்க."

மகள் மெல்லக் கேட்டாள். "திருத்தம் போட்டா யார் திருத்தினாங்கன்னு பேரும் போடுவோம்மா. அது எங்க வழக்கம்."

"போடுங்களேன்! பொய்யைத் திருத்தறதுக்கு எனக்கு என்ன பயம்? கொட்டை எழுத்துல போடுங்க."

கோல்காரர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். அவர் பேசாமல் இருந்திருப்பார். அவள் இருக்கவில்லை. "அம்மா, இதையும் தெரிஞ்சுக்கங்க. நாளைக்கு உங்க வாசல்ல பத்து அங்குலக் குழி இருக்குன்னு நீங்களே பேரோட சொன்ன மாதிரி ஆகும். அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது."

தையல்கார அம்மா டேப்பைக் கழுத்திலிருந்து உருவிக் கையில் சுற்றினாள். குழியைப் பார்த்தாள், தன் படியைப் பார்த்தாள்.

"இருக்குதுதானே" என்றாள். "நான் ஒண்ணும் புகார் சொல்லல. கணக்கைச் சரி பண்றேன். எவன் வந்து என்ன கேட்டாலும் அதையே சொல்வேன்."

"என் வாசல்ல இருக்கிறதும் பதினாலு இல்ல" என்றார் பேப்பரைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர். "வந்து அளங்க. என் பேரையும் போடுங்க."

பொழுது சாயும் முன் பதினோரு குழிக்கும் இரும்பு ஸ்கேல் இறங்கியது. பதினோரு பெயர் கிடைத்தது. ஒரு பெண் தன் வாசல் குழி விட்டுப்போய்விட்டது என்று சண்டைக்கு வந்தாள்; பன்னிரண்டாவது பெயர். குறை சொல்லப் பயந்த ஊர், வெளியாள் செய்த தப்பைத் திருத்த முண்டியடித்தது.

ராத்திரி கோல்காரர் மேஜையில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதினார். இருபத்தாறு வருஷமாக நான் அளந்த குழிகளில் வரவரக் கூடுதல் இருக்கிறது, இப்போது இரண்டு அங்குலம், கோல் தேய்ந்ததைக் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது, நகராட்சிக்காரர்கள் மன்னிக்கவும். இதை நம் ஊர்ப் பதிப்பிலும் போடவேண்டும் என்று மகளிடம் கொடுத்தார். அவள் ஒரு எழுத்தையும் நேராக்கவில்லை.

முதலாளியம்மா போனில் பதறினாள். "அண்ணே, ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்மா. இங்க ஒரு நாள் முழுக்க சிரிச்சாங்க. ஒண்ணும் ஆகல."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. நகராட்சி மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார். ஆனால் அடுத்த வாரம் காய்கறிக் கடைக்காரர் முதற்கொண்டு ஆளாளுக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். பாதியாகச் சுருங்கிய பக்கம் போதவில்லை. முழுப் பக்கத்தைத் திருப்பிக் கொடு என்று ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அதைக் கொடுக்கவேண்டியதாயிற்று. அடுத்த நாட்டுச் செய்தி வேறு பக்கத்துக்குப் போனது.

பாலத்துக்கு அப்பால், மகளின் பதிப்பில், குழிப் பக்கத்துக்குத் 'திருத்தம்' என்று பெயர் மாறியது. தினமும் பெயரோடு கடிதம் வந்தது. பத்தாம் நாள் அந்த ஊர் நகராட்சிப் பொறியாளரே மாடிப்படி ஏறி வந்தார். கோல்காரர் எழுந்து நின்றுகொண்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

"சந்தைத் தெருவுல நாலு குழின்னு போட்டிருக்கீங்க" என்றார் பொறியாளர். "நாலு இல்ல. மூணுதான். நாலாவது வடிகால் வாய். திருத்தம் போடுங்க."

"பேர் சொல்லுங்க சார்" என்றாள் மகள், பேனாவை எடுத்துக்கொண்டு.

அவர் பெயரைச் சொன்னார், பதவியையும் சேர்த்துச் சொன்னார். படியிறங்கிப் பாதி வழி போன பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காலடிச் சத்தம் ஒரு கணம் நின்றது. ஆனால் மூன்று குழியையும் அந்த வாரமே மூடிவிட்டார்.

தையல் கடை வாசல் குழியும் மூடியாயிற்று. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரு ஆபீசர் வரத்தான் செய்தார். படியைப் பார்த்தார், அரையடி குறைக்கச் சொன்னார். தையல்கார அம்மா பத்து நாள் பத்திரிகையைத் திட்டினாள். திட்டிக்கொண்டே வாங்கினாள். "முழுசாப் போயிருக்க வேண்டியது, அரையடியோட போச்சு" என்று பிறகு அவளே சொன்னாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று முதலாளியம்மா பாலம் தாண்டி வந்தாள். ஆடாத மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தாள். இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்றாள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பாருங்கள் என்பதுபோல் இருந்தது மகளின் முகம். கீழே செருப்புக் கடை இருந்த இடத்தையும் வாடகைக்குக் கேட்கலாமா என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

கோல்காரர் ஊர் திரும்புவதற்கு முன்னால் தையல் கடைக்குப் போனார். கையில் புதுக் கோல். தேயாமல் இருக்க அடியில் பட்டறைக்காரரிடம் இரும்புப் பூண் மாட்டியிருந்தார். கோடு போடவில்லை.

"நீங்கதான் குறிச்சுத் தரணும்மா" என்றார்.

அவள் கோலை மேஜையில் கிடத்தினாள். இரும்பு ஸ்கேலை வைத்தாள். சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் அவர். "இந்த ஸ்கேல் சரியானதுதானா?"

தையல்கார அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இழுப்பறையைத் திறந்து இன்னொரு ஸ்கேலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

"இப்பக் குறிக்கலாமா?" என்றாள்.

"குறிங்க" என்றார் கோல்காரர். சொல்லிவிட்டு, முதல் கோடு விழும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.